பெடல் கயாக்கில் மீன்பிடி: மதுரை திருநகரிலிருந்து புறப்படுபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை தவறாமல் பெய்த வருடம், காலை ஆறு மணிக்குத் தென்கால் கண்மாய்க் கரையில் நின்று பாருங்கள். லாரி டியூபின் மேல் பலகையைக் கட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார். தெர்மாகோலைச் சாக்கில் திணித்துத் தைத்து, அதன்மேல் குத்தவைத்தபடி இன்னொருவர் வலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் சிக்கல் ஒன்றுதான். இருப்பது இரண்டு கை. அதில் துடுப்பும் போட வேண்டும், வலையும் இழுக்க வேண்டும். துடுப்பை மடியில் வைத்த நொடியில் காற்று ஆளை வேறு பக்கம் தள்ளிவிடும்.

பெடல் கயாக் இந்தச் சிக்கலுக்கென்றே செய்த படகு. கால் படகை ஓட்டும், கை தூண்டிலைப் பார்க்கும். யாரோ ஒருவர் அமெரிக்க ஏரியில் சாய்ந்து உட்கார்ந்து மிதித்துக்கொண்டே மீனை இழுக்கும் வீடியோ கைபேசியில் வந்ததும், திருநகர் மூன்றாவது ஸ்டாப் டீக்கடையில் கேள்வி கிளம்பிவிடுகிறது: “இது நம்ம கண்மாய்ல ஓடுமாண்ணே?”

ஓடுமா, ஓடாதா என்பதைப் படகின் மேல்பக்கம் சொல்லாது. வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மேலேதான் பார்க்கிறார்கள்: மெத்தென்ற இருக்கை, நான்கு ராடு செருகும் துளைகள், மீன் காட்டும் கருவிக்கான தாங்கி. மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிற ஊர் இது. பெடல் கயாக்குக்குப் பல் அதன் அடியில் இருக்கிறது. தண்ணீருக்குக் கீழே என்ன தொங்குகிறது, அது எவ்வளவு ஆழம் கேட்கிறது, எதில் மாட்டும், எப்படி மேலே தூக்குவது என்று பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

படி 1: படகின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மீன்பிடிக்கு வரும் பெடல் கயாக்குகளில் பெரும்பாலானவை ‘மேலே உட்காரும்’ வகை. உடல் ஒரே துண்டான பிளாஸ்டிக். நம் மொட்டை மாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியை எப்படிச் செய்கிறார்களோ அப்படித்தான் இதையும் செய்கிறார்கள். அச்சுக்குள் பாலித்தீன் தூளைப் போட்டு, சூடாக்கிச் சுழற்றினால் உள்ளே காற்றடைத்த கூடு கிடைக்கும். தளத்தில் சில துளைகள் இருக்கும். உள்ளே தெறிக்கும் தண்ணீர் அவற்றின் வழியே தானாக வடிந்துவிடும். ஓட்டையைப் பார்த்துப் படகு மூழ்கும் என்று பயப்பட வேண்டாம்.

இருக்கைக்கு முன்னால் ஒரு பள்ளம். பெடல் பொறியை அதில் இறக்கிப் பூட்ட வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடி, பின்னாலுள்ள சுக்கானைத் திருப்பும். சாதாரண ஆள் நிதானமாக மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் வரும். மூச்சைப் பிடித்து மிதித்தால் 7, 8 வரை போகலாம். இது நடையின் வேகம். சைக்கிள் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

பெடல் இருந்தாலும் கைத்துடுப்பு ஒன்று படகில் கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்பது அடுத்த படியிலேயே தெரிந்துவிடும்.

படி 2: கயாக்கைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆளும் சாமானும் ஏறியபின் கயாக்கின் உடல் அரையடிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீரில் அமிழும். அதன் கீழே பெடல் பொறி ஏறத்தாழ ஒன்றரை அடி தொங்கும். இரண்டையும் கூட்டினால் இரண்டு அடி. நம் உடம்பைக் கொண்டே அளந்துகொள்ளலாம். முழங்கால் தண்ணீரில் பெடல் உதவாது. தொடையளவில் பயந்து பயந்து மிதிக்கலாம். இடுப்புக்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. இந்த அளவுகோலோடு நம்மைச் சுற்றியுள்ள மூன்று வகைத் தண்ணீரைப் பார்ப்போம்.

கண்மாய்: தென்கால், நிலையூர், மாடக்குளம் எல்லாம் பாசனத்துக்காக வெட்டிய ஆழமில்லாத ஏரிகள். மடைப் பக்கம் ஆளை மறைக்கும் ஆழம் இருக்கும். நீர் வந்து சேரும் பக்கம் முழங்காலோடு நின்றுவிடும். அடியில் கருவேல, சீமைக்கருவேலத் தூர்கள், மேலே ஆகாயத்தாமரை. பெடலுக்கு இரண்டும் எதிரி. ஐப்பசியில் நிறைந்த தண்ணீர் மாசி, பங்குனியில் வற்றத் தொடங்கி, பல கண்மாய்களில் சித்திரையில் தரை வெடித்துக் கிடக்கும். தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் ஊரே ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு மீன்பிடித் திருவிழாவுக்கு இறங்கிவிடும். அப்போது படகுக்கு வேலையே இல்லை. கண்மாயில் விராலுக்குத் தூண்டில் போடுவது மட்டும்தான் உங்கள் ஆசை என்றால் பெடலுக்குச் செலவு செய்யாதீர்கள். கைத்துடுப்போடு வரும் எளிய கயாக்கே போதும்.

அணை: பெடல் கயாக்கின் அருமை தெரிய வேண்டுமென்றால் ஆண்டிபட்டிக்குப் பக்கத்திலுள்ள வைகை அணை போன்ற பரந்த நீர் வேண்டும். மதுரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 1959-இல் திறந்த அணை. நீர்மட்டத்தின் உச்சம் 71 அடி. கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி எல்லாம் அங்கே உண்டு. இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். நீர்மட்டம் இறங்க இறங்கக் கரை பின்வாங்கும். நேற்று ரோட்டோரம் இருந்த தண்ணீருக்கு இன்று சேற்றில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியே தேனிப் பக்கம் பாய்கிறது. அங்கே காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். நீர் ஆவியாவதைத் தடுக்க 2017 ஏப்ரலில் இந்த அணையில் விரித்த தெர்மாகோல் அட்டைகளைக் காற்று கரைக்கே தள்ளிக்கொண்டு வந்த கதை ஊருக்கே தெரியும். கயாக்கும் லேசான, தட்டையான பொருள்தான். ஆடியில் அங்கே படகை இறக்காதீர்கள்.

கடல்: மதுரையிலிருந்து ராமநாதபுரம் 110 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் தென்கடல் முரண்டு பிடிக்கும், வடகடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். பாக் விரிகுடாவின் கரையோரம் ஆழம் குறைந்தது, கடற்புல் அடர்ந்தது. பெடல் கயாக்குக்கு ஏற்ற கடல்தான், ஆனாலும் புதியவருக்கு அது இரண்டாம் வருடப் பாடம்.

உங்களுக்கு வாய்த்த தண்ணீர் எது, வருடத்தில் எத்தனை மாதம் அதில் இறங்க முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று மாதம்கூடத் தேறவில்லை என்றால், சொந்தமாக வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

படி 3: அனுமதியை முதலில் முடியுங்கள்

கண்மாய்த் தண்ணீர் பொதுச் சொத்து. அதில் நீந்தும் மீன் ஏலம் போனது. ‘மீன்பாசி குத்தகை’ என்ற பெயரில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுகிறார்கள். எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு, காவலுக்கும் ஆள் போட்டிருப்பார். நீங்கள் பொழுதுபோக்காக ஒரு தூண்டிலை நீட்டினாலும் அவர் கணக்கில் அது திருட்டு. அதுவும் பளபளவென்று ஒரு படகில் போய் நீட்டினால், சண்டைக்கு அழைப்பு வைத்த மாதிரி.

பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதைவிடச் சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். எந்த அலுவலகம் என்று தெரிந்துகொண்டு, குத்தகைதாரரையும் நேரில் பாருங்கள். “பிடிச்சதத் திருப்பி விட்டுருவேன், வேணும்னா கிலோவுக்கு இவ்வளவுன்னு தந்துடுறேண்ணே” என்று முதலிலேயே பேசிவிட்டால் பெரும்பாலும் முகம் கொடுப்பார்கள். அணை என்றால், படகு இறக்க நீர்வளத் துறையையும் மீன்பிடிக்க மீன்வளத் துறையையும் கேட்டு, இசைவை எழுத்தில் வாங்குங்கள்.

கடலில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதியின்றி நெருங்கக் கூடாது. எல்லைப் பிரச்சினை உள்ள கடல் என்பதால், புதுமாதிரிப் படகைக் கண்டால் கடலோரக் காவல் படையினர் விசாரிப்பார்கள். போவதற்கு முன் அவர்களிடமும் ஊர் மீனவர்களிடமும் தகவல் சொல்லிவிடுங்கள். ஆபத்து என்றால் முதலில் வள்ளத்தை எடுத்துக்கொண்டு வரப்போவது அந்த மீனவர்கள்தான்.

படி 4: துடுப்பிறகா, புரொப்பல்லரா?

இந்த முடிவில்தான் உங்கள் காசில் பாதி இருக்கிறது. பெடல் பொறிகளில் இரண்டு குலம்.

துடுப்பிறகு வகை: அமெரிக்காவின் ஹோபி நிறுவனம் 1997-இல் ‘மிராஜ் டிரைவ்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. படகின் அடியில் இரண்டு வளையும் இறகுகள், பென்குயின் நீந்துவதைப் போலப் பக்கவாட்டில் அடிக்கும். கால் வட்டம் போடாது. ஒரு காலை நீட்டினால் மறுகால் மடங்கும். சிறப்பு என்னவென்றால், ஒரு பெடலை முழுக்க முன்னே தள்ளினால் இறகுகள் இரண்டும் அடிப்பலகையோடு ஒட்டிக்கொள்ளும். ஆழம் குறைந்த இடத்தில் இருக்கையை விட்டு அசையாமல் தாண்டிவிடலாம். சில மாடல்களில் தூரில் மோதினால் இறகு பின்னால் மடிந்துகொடுக்கும். குறை: பழைய மாடல்கள் பின்னோக்கிப் போகாது, புதியவற்றில் ஒரு கயிற்றை இழுத்தால் திசை மாறும். உள்ளே சங்கிலியும் கம்பி வடமும் இருப்பதால் அவ்வப்போது இறுக்கிவிட வேண்டும்.

புரொப்பல்லர் வகை: சைக்கிள் மிதிப்பதைப் போலவே மிதிக்க வேண்டும். ஒரு மிதிச் சுற்றுக்குக் கீழே விசிறி ஏறத்தாழ 10 சுற்றுகூடச் சுற்றும். ஓல்ட் டவுன், நேட்டிவ் வாட்டர்கிராஃப்ட் போன்ற நிறுவனங்கள் இவ்வகைக்குப் பெயர் பெற்றவை. பின்னோக்கி மிதித்தால் படகு அப்படியே பின்னால் வரும். பெரிய மீன் மாட்டி, அது தூருக்குள் நுழையப் பார்க்கும்போது இதன் அருமை புரியும். குறை: வேலாம்பாசியும் அறுந்த நைலான் நரம்பும் அச்சில் சுற்றிக்கொள்ளும். ஆழம் குறைந்தால் பொறியைக் கையால் பூட்டு நீக்கி மேலே தூக்க வேண்டும். அதற்குள் விசிறி கல்லில் தட்டியிருக்கும். பல் சக்கரப் பெட்டி மூடியே வரும் என்பதால், கெட்டால் நம்மூர் லேத் பட்டறையில் சரிசெய்வது சிரமம்.

நம்மூர் நிலவரத்துக்கு என் கணக்கு இது. தூரும் பாசியும் ஆழக்குறைவும் உள்ள தண்ணீர் என்றால் துடுப்பிறகு. ஆழமும் திறந்த பரப்பும் உள்ள அணை என்றால் புரொப்பல்லர். எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: இருக்கையில் உட்கார்ந்தபடி, ஒற்றைக் கையால், பத்து எண்ணுவதற்குள் பொறியை மேலே தூக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த மாடல் வேண்டாம்.

படி 5: நீளம், அகலம், சுமை

நீளம்: 10, 11 அடிப் படகு சட்டென்று திரும்பும், இடுக்கில் நுழையும். 12 முதல் 14 அடிப் படகு நேராக ஓடும், அலையை வெட்டும். அகன்ற அணைக்கும் கடலுக்கும் 12 அடி நல்லது. மற்றவர்களுக்கு 11 அடி போதும்.

அகலம்: நின்று தூண்டில் வீச வேண்டுமென்றால் குறைந்தது 34 அங்குல அகலம் வேண்டும். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், வேகமும் குறையும், எடை ஏறும்.

சுமை: விளம்பரத்தில் போட்டிருக்கும் சுமையை அப்படியே நம்பி ஏற்றாதீர்கள். அதில் 70 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டால் படகு துளை வழியே தண்ணீரை உள்ளே விடாது. உங்கள் எடை 80 கிலோ. ராடு, ஐஸ் பெட்டி, நங்கூரம், குடிதண்ணீர் 20 கிலோ. மொத்தம் 100. இதை 0.7-ஆல் வகுத்தால் 143. ஆக, 150 கிலோ தாங்கும் படகுதான் உங்களுக்கு.

பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். ஹோபியின் புரோ ஆங்லர் 14 என்ற மாடலைப் பாருங்கள்: நீளம் 13 அடி 8 அங்குலம், அகலம் 38 அங்குலம், தாங்கும் சுமை 272 கிலோ. மிதக்கும் திண்ணை என்றே சொல்லலாம். ஆனால் எல்லாவற்றையும் பூட்டினால் அதன் எடை 60 கிலோவைத் தாண்டும். வைகை அணைச் சேற்றில் அதை ஒற்றை ஆளாக இழுப்பதை நினைத்துப் பாருங்கள்.

படி 6: வீட்டிலிருந்து தண்ணீர் வரை

வாங்கிய கயாக்குகள் சும்மா கிடப்பதற்குப் பெரிய காரணம், தூக்கிப் போக முடியாமல் போவதுதான்.

ஏற்றுவது: பல சிறிய கார்களின் கூரை 50 முதல் 75 கிலோதான் தாங்கும், அதில் தாங்கிக் கம்பிகளின் எடையும் அடக்கம். உங்கள் கார் கையேட்டைப் பாருங்கள். குட்டியானை வண்டியின் தொட்டி சுமார் 7 அடிதான். 12 அடிப் படகை உள்ளே நீட்டிப் போட்டால் 5 அடி வெளியே துருத்தும், போலீஸ்காரர் நிறுத்துவார். ஓட்டுநர் அறைக்கு மேல் ஒரு கம்பிச் சட்டம் அடித்து, முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்துக் கட்டுவது நல்ல வழி. பொறி, இருக்கை, சுக்கான் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள். எடை கணிசமாகக் குறைந்துவிடும்.

இழுப்பது: படகின் அடியில் மாட்டும் இரட்டைச் சக்கர வண்டி ஒன்று கட்டாயம். சக்கரம் சிறியதாகவும் கெட்டியாகவும் இருந்தால் சேற்றில் புதையும். காற்றடைத்த அகலச் சக்கரமாகப் பாருங்கள்.

வைப்பது: மதுரை வெயில் பிளாஸ்டிக்குக்கு எமன். மொட்டை மாடியில் திறந்தவெளியில் போட்டால் சில வருடங்களில் வெளுத்து வெடிப்பு விடும். நிழலில், கவிழ்த்து, இரண்டு இடத்தில் அகலமான முட்டுக் கொடுத்து வையுங்கள். கத்திரி வெயிலில் காரின் மேல் பட்டையை இறுக்கிக் கட்டி நிறுத்தினால் அடிப்பக்கம் குழி விழும். அந்தக் குழி வேகத்தைத் தின்னும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் காற்றடைக்கும் பெடல் கயாக்குகள் உண்டு. சுருட்டிக் காரின் பின்பெட்டியில் போடலாம். அணைக்கு நல்லது. கருவேல முள் மிதக்கும் கண்மாய்க்கு அதை எடுத்துப் போகாதீர்கள்.

படி 7: விலையும் உதிரி பாகமும்

அமெரிக்காவில் தொடக்க நிலை பெடல் கயாக் 1,000 டாலருக்குச் சற்று மேல் தொடங்குகிறது. பெயர் பெற்றவை 4,000, 5,000 டாலரைத் தொடும். அதோடு கப்பல் கூலி, சுங்கவரி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேரும். இறக்குமதி செய்வதானால், பணம் கட்டும் முன்பே தூத்துக்குடியிலோ சென்னையிலோ ஒரு சுங்க முகவரிடம் 8903 என்ற சுங்கத் தலைப்பைச் சொல்லி, வீடு வந்து சேரும்வரை ஆகும் மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். காற்றடைத்த கூட்டுக்கு இடம் நிறைய வேண்டும்; அதனால் கப்பல் கூலி உங்களை அதிர வைக்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்:

- இறகு அல்லது விசிறி இந்தியாவிலேயே கையிருப்பில் உள்ளதா?
- பொறியை மட்டும் தனியாக வாங்க முடியுமா?
- பொறிக்கும் உடலுக்கும் உத்தரவாதம் எத்தனை வருடம்? அது இந்தியாவில் செல்லுமா?
- சுக்கான் கம்பி அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பி பொருந்துமா?

உபரியாக ஓர் இறகையோ விசிறியையோ, அதன் ஊசிகளோடு, படகு வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

படி 8: வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

கயாக்கில் இதுவரை உட்கார்ந்ததே இல்லை என்றால், ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டுக்கு ஒருநாள் போய் வாருங்கள். அலையாத்திக் காட்டுக்கு நடுவே, வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில் கயாக் ஓட்டலாம். அது கைத்துடுப்பு வகைதான். ஆனாலும் ஒரு மணி நேரத்தில் முதுகு, இடுப்பு, வெயில் மூன்றும் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

பெடல் கயாக்கைச் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால் இவற்றைப் பாருங்கள்: கால் முழுக்க நீட்டும்போது முட்டி லேசாக மடிந்திருக்க வேண்டும், இருக்கையை அதற்கேற்ப நகர்த்த முடிய வேண்டும். அரை மணி மிதித்தபின் முட்டியில் வலி வந்தால் மற்ற வகைப் பொறிக்கு மாறிப் பாருங்கள். காற்றுக்கு எதிரே 200 மீட்டர் போய்த் திரும்புங்கள். எழுந்து நின்று ஒருமுறை தூண்டில் வீசுங்கள்.

படி 9: முதல் நாள்

முதல் நாள் தூண்டிலை எடுத்துப் போகாதீர்கள். அன்றைய வேலை கவிழ்வது. இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, நடுப்பகுதியில் வயிற்றால் ஏறிப் புரண்டு உட்காரப் பழகுங்கள். மூன்று முறை தடையில்லாமல் ஏற வராதவரை ஆழத்துக்குப் போக வேண்டாம்.

- லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்குப் பின்னால் அல்ல. நீச்சல் தெரிந்தவருக்கும் இதே விதி.
- பெடல் பொறியைப் படகோடு ஒரு கயிற்றால் கட்டிவையுங்கள். கவிழும்போது கழன்றால், படகின் விலையில் கணிசமான பகுதி தண்ணீருக்கு அடியில் போய்விடும்.
- விசில், நரம்பறுக்கச் சிறு கத்தி, உறையிட்ட கைபேசி, கைத்துடுப்பு, இரண்டு லிட்டர் தண்ணீர்.
- சித்திரை, வைகாசி மதியத்தில் மேகம் கறுத்தால் உடனே கரையேறுங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். தட்டையான நீரில் உயரமான பொருள் நீங்கள் ஒருவர்தான்.
- போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும்.

சுருக்கமாக: யாருக்கு எது?

கண்மாயில் மட்டும் விராலுக்குப் போகிறவர்: 10 அடி, கைத்துடுப்புக் கயாக். பெடல் தேவையில்லை.

மாதம் இருமுறை வைகை அணைக்குப் போகிறவர்: 12 அடியை ஒட்டிய நீளம், 34 அங்குல அகலம், பொறி நீங்கலாக 40 கிலோவுக்குள் எடை. திறந்த நீரே போதும் என்றால் புரொப்பல்லர். தூர்ப் பக்கம் ஒதுங்குபவர் என்றால் துடுப்பிறகு.

பாக் விரிகுடா வரை போக நினைப்பவர்: 12 அடிக்கு மேல், ஒற்றைக் கையால் மடக்கவோ தூக்கவோ கூடிய பொறி, கூடவே இன்னொரு கயாக்கில் இன்னொரு ஆள்.

முடிவெடுத்துக் கடைக்குப் போகிறீர்கள். இருக்கையின் பஞ்சு, ராடு துளைகளின் எண்ணிக்கை, கோப்பை வைக்கும் குழி என்று விற்பவர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வருவார். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: “அண்ணே, பொறியை மாட்டிட்டு, ஒருவாட்டி கவுத்துக் காட்டுங்க.”

மிச்சப் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.